மண் என்று நினைத்து இரும்பை வடிகட்டியவன்: கிணற்றுத் தண்ணீரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பினாங்கில் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தம்பியின் வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய கிணற்றுக்குப் புது மோட்டார் போட்டிருக்கிறான். பின்சுவரில் மூன்று பில்டர் ஹவுசிங்கை, அதாவது வடிகட்டி உட்காரும் கூட்டை, வரிசையாக மாட்டி, "பாருங்கண்ணே, இருபது, அஞ்சு, ஒண்ணு" என்று காட்டினான். மைக்ரான் கணக்கு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எண் சிறிதாக ஆக இன்னும் பொடியான துகளைப் பிடிக்கும். நான் பதில் சொல்லாமல் ஏணி கேட்டேன். மேலே ஏறித் தொட்டி மூடியைத் திறந்தால், அடியில் காவி நிறத்தில் குழம்பு மாதிரி படிந்து கிடக்கிறது. மூன்று பில்டரையும் தாண்டி இது எப்படி வந்தது என்று அவன் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நிபோங் திபாலில் என் வீட்டுத் தொட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இதே கேள்வியை நானே கேட்டிருக்கிறேன்.

2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றுவதற்காகப் பினாங்கில் நான்கு நாள் தண்ணீர்த் தடை வந்ததே, அதற்கப்புறம் கிணற்றைத் தூர் வாரிவிட்டு என்னைக் கூப்பிடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். நல்லதுதான். துணி துவைக்க, வாசல் கழுவ, செடிக்கு ஊற்ற, கிணறு இருந்தால் ஒரு தைரியம். ஆனால் போகிற வீட்டிலெல்லாம் என் பழைய தவறுகளையே பார்க்கிறேன். அம்புக்குறியைக் கவனிக்காமல் திருப்பி மாட்டுவது, பிளாஸ்டிக் உறையை உரிக்காமலே கார்ட்ரிட்ஜை, அதாவது ஹவுசிங்குக்குள் மாற்றி மாற்றிப் போடும் வடிகட்டியை, போடுவது, இதையெல்லாம் எழுதப் போவதில்லை. அவை முதல் நாளே தெரிந்துவிடும். மாதக்கணக்கில் காசைத் தின்னும் தவறுகள் வேறு.

கலங்கலைப் பார்த்ததும் மண் என்று முடிவு கட்டுவது

இதில்தான் நான் ஏமாந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

அப்போது என் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் மஞ்சளாக வரும். மண் என்று நினைத்து 20 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் போட்டேன். நிறம் போகவில்லை. கடையில் கேட்டேன், "இன்னும் பொடிசா இருக்கும்ணே, அஞ்சு போடுங்க" என்றார்கள். போட்டேன். அப்புறம் ஒன்று. அதற்கும் மசியாமல், கடைசியில் அரை மைக்ரானில் மடிப்பு மடிப்பாக இருக்கும் விலை கூடிய ஒன்று. பத்து நாளுக்கு ஒருமுறை மாற்றினேன். ஒரு வருடத்தில் கார்ட்ரிட்ஜுக்கு மட்டும் எழுநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போய்விட்டது. தொட்டியில் காவி படிவது நிற்கவே இல்லை.

இதற்கு நடுவில் மகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டை மெல்லப் பழுப்பேறியது. வீட்டில் பிளீச் ஊற்றி ஊற வைத்தார்கள். எடுத்துப் பார்த்தால் சட்டை ஆரஞ்சு. சோப்பைத் திட்டினோம், பிளீச்சைத் திட்டினோம். கிணற்றைத் திட்ட யாருக்கும் தோன்றவில்லை.

உண்மையைச் சொன்னவர் பக்கத்துத் தெருத் தாத்தா. தோட்டத்தில் இருந்த காலத்தில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, தண்ணீர் இறைத்து விடும் வேலை பார்த்தவர். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவருக்குக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி தே ஓ, அதாவது பால் இல்லாத தேநீர், கலந்து கொடுத்தோம். கோப்பையைக் கையில் வாங்கியவர் குடிக்கவில்லை. "என்னப்பா இது, மை மாதிரி கறுத்திருக்கு. இரும்புத் தண்ணிப்பா இது. பஞ்சு போட்டா நிக்குமா?" என்றார்.

விஷயம் இதுதான். பூமிக்கு அடியில் காற்றுப் படாத இடத்தில் இரும்பு தண்ணீரில் கரைந்தே இருக்கும், உப்புக் கரைந்திருப்பது போல. கரைந்ததை எந்த மைக்ரானாலும் பிடிக்க முடியாது. பில்டரைத் தாண்டிப் போய்த் தொட்டியில் விழுந்து, காற்றுப் பட்ட பிறகுதான் அது துருவாக மாறி, நிறம் பிடித்து, அடியில் உட்காருகிறது. பில்டருக்கு அந்தப் பக்கம் பிறக்கிற அழுக்கைப் பிடிக்க இந்தப் பக்கம் பில்டரை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். கார்ட்ரிட்ஜ் கொஞ்சம் காவியேறும்தான், வழியில் காற்றுப் பட்டது அதில் சிக்கும். அதைப் பார்த்துத்தான் 'வேலை செய்கிறது' என்று நாம் ஏமாறுவது. பிளீச் செய்ததும் அதே வேலை. துணியில் இருந்த இரும்பை அங்கேயே துருவாக்கிவிட்டது. எலுமிச்சைச் சாறு போட்டிருந்தால் கறை இளகியிருக்கும். தே ஓ கறுத்ததற்குக் காரணம், தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை மாதிரி ஆகிவிடும். குடிநீரில் இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினாலே கறையும் வாடையும் தெரியத் தொடங்கும்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. மோட்டாரை ஐந்து நிமிடம் ஓட விட்டு, தொட்டிக்குப் போகும் முன்பே, கிணற்றுப் பைப்பிலிருந்து நேராக ஒரு மினரல் வாட்டர் போத்தலில் பிடியுங்கள். ஜன்னல் ஓரம் வைத்துவிடுங்கள்.

அரை நிமிடத்தில் அடியில் உட்கார்ந்தால் மணல். ஒரு மணி நேரத்துக்குள் மெதுவாகப் படிந்தால் வண்டல். இரண்டு நாளானாலும் பால் கலந்த மாதிரி நின்றால் களிமண். அதன் துகள் 2 மைக்ரானுக்கும் கீழே, சாதாரணக் கார்ட்ரிட்ஜ் அதை ஒழுங்காகப் பிடிக்காது. படிகாரம் போட்டுத் தெளிய வைத்து மேல்தண்ணீரை எடுப்பதுதான் வழி. ஊரில் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசுவார்களே, அதுவும் இதற்குத்தான். பிடிக்கும்போது பளிங்கு மாதிரி இருந்து, மறுநாள் காலையில் மஞ்சளாகவோ காவியாகவோ மாறியிருந்தால், சரி, அது கரைந்த இரும்பு. பில்டர் கடைக்குப் போகாதீர்கள்.

இரும்புக்கு முதலில் காற்றுக் காட்ட வேண்டும். தாத்தா சொன்னபடி ஒரு துண்டு பிவிசி பைப்பில் வரிசையாகத் துளை போட்டு, பீப்பாய்க்கு மேலே கட்டி, தண்ணீரை மழை மாதிரி விழ விட்டேன். இரவு முழுக்க நிற்க விட்டு, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேலே இருப்பதை மணல் பில்டருக்கு அனுப்பினேன். அதற்கப்புறம்தான் 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ். அதே கார்ட்ரிட்ஜ் இப்போது மூன்று மாதம் தாங்குகிறது. பீப்பாய்க்குக் கொசுவலை கட்டாமல் விடாதீர்கள், ஏடிஸ் கொசு முட்டையிட்டால் டெங்கியும் வரும், அபராதமும் வரும்.

எல்லாக் கிணற்றுக்கும் இது பலிக்காது. தண்ணீர் புளிப்புப் பக்கம் இருந்தால், அதாவது பிஎச் 7-க்குக் கீழே இருந்தால், இரும்பு துருவாக மிகவும் சுணங்கும். பிஎச் ஒரு எண் இறங்கினால் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். அப்போது சுண்ணாம்புக்கல் சில்லு நிரப்பிய தொட்டி வழியாக விட்டு பிஎச்சைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும், அல்லது இரும்பைப் பிடிக்கவே செய்த மாங்கனீசு பூச்சு மணல் போட வேண்டும். ஒரு கட்டு பிஎச் காகிதம் வாங்கி வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் இல்லை.

சிம்பாங் அம்பாட் தம்பியிடம் முதலில் போத்தலைத்தான் எடுக்கச் சொன்னேன். மறுநாள் படம் அனுப்பினான். தே ஓ நிறம்.

மோட்டாருக்கு முன்னால் பில்டர்

மணல் மோட்டாரைத் தேய்த்துவிடுமே என்ற பயத்தில் உறிஞ்சும் பைப்பில் கார்ட்ரிட்ஜை மாட்டுகிறார்கள். தரைக்கு மேலே வைத்த மோட்டார் உறிஞ்சக்கூடிய ஆழமே நடைமுறையில் 7, 8 மீட்டர்தான். அந்த வழியில் அடைப்பைக் கொண்டுபோய் வைத்தால் மோட்டார் தண்ணீர் கிடைக்காமல் திணறும், சூடேறும், சீல் போகும். கார்ட்ரிட்ஜை மிச்சப்படுத்தப் போய் மோட்டாரை மாற்றின வீடு எனக்குத் தெரிந்தே மூன்று.

மணல் உள்ளே வருகிறது என்றால் முதலில் கிணற்றுக்குள் பாருங்கள். உறிஞ்சும் பைப்பின் அடிநுனியில் இருக்கும் ஃபுட் வால்வு சேற்றில் உட்கார்ந்திருக்கும். அடியிலிருந்து இரண்டு, மூன்று அடி தூக்கிக் கட்டினாலே பாதித் தொல்லை போய்விடும். வால்வுக்கு அதன் சொந்த வலை போதும். நைசான பில்டரெல்லாம் மோட்டாருக்கு அப்புறம்தான்.

நேரே ஒரு மைக்ரான்

சிறிய எண் என்றால் நல்ல பில்டர் என்று ஒரு நினைப்பு. உண்மையான மணலும் வண்டலும் வருகிற கிணற்றில் 1 மைக்ரானை முதல் ஆளாக நிறுத்தினால், நம் தலைமுடித் தடிமன் உள்ள 70 மைக்ரான் மணலையெல்லாம் அதுவே சுமந்து இரண்டு நாளில் மூச்சு முட்டிப் போகும். முன்னால் கழுவிப் போடக்கூடிய வலைப் பில்டர் ஒன்று 100 மைக்ரானில், அதற்கப்புறம் 20, பிறகு தேவைப்பட்டால் 5. வலையை வாரம் ஒருமுறை கீழ்க்குழாயைத் திறந்து கழுவி விட்டால் போதும், செலவே இல்லை.

கார்ட்ரிட்ஜை எப்போது மாற்றுவது என்று நாள்காட்டி சொல்லாது. முன்னால் ஒரு அழுத்தமானி, பின்னால் ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் 10 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) தாண்டினால் மாற்றுங்கள். அட்டையில் '5 மைக்ரான்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் பெயரளவுக்குத்தான். அந்த அளவுத் துகளில் ஒரு பங்கு தப்பித்துப் போகும்.

வெயிலில் மாட்டிய கண்ணாடி ஹவுசிங்

பாசி.

ஓ-ரிங்குக்கு (ஹவுசிங் மூடியின் ரப்பர் வளையம்) பெட்ரோலியம் ஜெல்லி

சில ரப்பர் ஊதிப்போகும். சிலிக்கான் கிரீஸ் மட்டும்.

கைப்பிடியைத் திருப்பாத மணல் பில்டர்

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் வாசல் பக்கம் நிற்கும் அந்த உயரமான பில்டரைத்தான் சொல்கிறேன். வாங்கிய அன்றைக்குக் காட்டிக் கொடுத்ததோடு சரி, பேக்வாஷ் பக்கம் கைப்பிடி திரும்பியதே இல்லை. தண்ணீரைத் தலைகீழாக விட்டு மணலைக் கிளறி, சிக்கியதை வெளியே தள்ளுவதுதான் பேக்வாஷ். செய்யாவிட்டால் மணல் உருண்டை கட்டி, தண்ணீர் நடுவில் ஒரு வழி பண்ணிக்கொண்டு அப்படியே போய்விடும். கிணற்றுத் தண்ணீருக்கு வாரம் ஒருமுறையாவது வேண்டும், வெளிவரும் தண்ணீர் தெளிகிற வரைக்கும். மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் கைப்பிடியைத் திருப்ப வேண்டும், ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் கேஸ்கெட் கிழியும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 10 அங்குல விட்டமுள்ள தொட்டியில் மணல் மேலெழும்ப நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 லிட்டர் வேண்டும். பத்து லிட்டர் வாளி இருபது வினாடியில் நிறைகிறதா பாருங்கள். நிறையவில்லை என்றால் உங்கள் மோட்டார் அந்த மணலைச் சும்மா நனைத்துக்கொண்டு இருக்கிறது.

மழைக்குக் கலங்கும் கிணற்றைப் பில்டரால் மூடுவது

வெயில் காலத்தில் தெளிவாக இருந்து, அடைமழை பெய்த மறுநாள் மட்டும் கலங்குகிறதா? மேல்தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். கிணற்று உறைகளுக்கு (சிமெண்டு வளையங்கள்) நடுவில் பூச்சு விட்டிருக்கும், அல்லது கிணற்றைச் சுற்றித் தரை உள்பக்கம் சாய்ந்திருக்கும். சாக்கடையும் கழிவுத்தொட்டிக் கசிவும் வருவது அதே வழியில்தான். நல்ல பில்டர் போட்டால் கலங்கல் போய்விடும், கிருமி போகாது. மண் வடிகட்டி அதற்குச் செய்ததில்லை. புற ஊதா விளக்கு போடுகிறவர்களும் தண்ணீரைத் தெளிய வைத்த பிறகே போட வேண்டும், கலங்கல் இருந்தால் கிருமி துகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

நிபோங் திபாலில் ஒரு வீட்டில் அக்கா பில்டருக்கு விலை கேட்டுத்தான் கூப்பிட்டார். கிணற்றைச் சுற்றிவந்து பார்த்தேன். மேல் உறையில் கைவிரல் நுழைகிற வெடிப்பு, அதற்கு நேரே கோழிக் கூண்டு. கூண்டை நகர்த்தி, வெடிப்பை அடைத்து, சுற்றிலும் நாலடிக்கு வெளிப்பக்கம் சாய்வாகத் தளம் போட இரண்டு மூட்டை சிமெண்டு ஆனது. குளோரின் போட்டுக் கிணற்றை இறைத்துவிட்டு, ஆய்வகத்துக்கு மாதிரி கொடுக்கச் சொன்னேன். நூறு மில்லிலிட்டரில் மலக் கழிவைக் காட்டிக்கொடுக்கும் ஈ-கோலைக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. முடிவு வரும் வரைக்கும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கொதிக்க வைத்தால்தான். பில்டர் விலையை அவர் அப்புறம் கேட்கவே இல்லை.