கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடிவிடாதீர்கள்

பணியிடத்தில் பிழை ஒன்று நேர்ந்தவுடன் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் "யார் செய்தது?" என்பதுதான். அதற்கு விடை விரைவில் கிடைத்துவிடும். உரியவருக்கு ஒரு மெமோ போகும், "கவனக்குறைவால் நேர்ந்துவிட்டது, இனி நிகழாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் விளக்கக் கடிதம் எழுதித் தருவார், கோப்பு மூடப்படும். சில மாதங்கள் கழித்து அதே பிழையை அதே இடத்தில் வேறொருவர் செய்வார். கவனக்குறைவு என்ற சொல் வந்ததும் விசாரணை நின்றுவிடுவதே இதற்குக் காரணம். அந்தச் சொல்லைத் தாண்டி விசாரிப்பது எப்படி என்பதை, பிழைகளை ஆராயும் கூட்டங்கள் பலவற்றில் உட்கார்ந்த அனுபவத்தைக் கொண்டு எழுதுகிறேன்.

முதலில் பாதிப்பை நிறுத்துங்கள்; ஆய்வு அதன் பிறகுதான். ஆனால் நிறுத்தும் வேலை நடக்கும்போதே சான்றுகள் அழியத் தொடங்கிவிடும் என்பதால், திரையில் இருந்ததைப் படமெடுத்து வைப்பது, அன்றைய கோப்பின் நகலைத் தனியே சேமிப்பது, மின்னஞ்சல்களை அழிக்காமல் காப்பது ஆகியவற்றுக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் தங்களுக்குள் பேசிக் கதை ஒன்றாகிவிடும் முன், அன்றோ மறுநாளோ, ஒவ்வொருவரும் தாம் கண்டதைத் தனித்தனியே எழுதித் தரட்டும். பிழை செய்தவரிடம், இந்த ஆய்வின் நோக்கம் தண்டனை இல்லை என்பதை நேரில் சொல்லுங்கள். அப்படி உறுதி கூறும் அதிகாரம் உங்களுக்கு இல்லையென்றால், மேலிடத்தின் ஒப்புதலை முதலில் வாங்கிவிடுங்கள். ஒருமுறை இந்த வாக்குத் தவறினால், அதன்பின் அந்த அலுவலகத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கூட்டத்தை நடத்துபவர் பிழை செய்தவரின் நேரடி மேலாளராக இல்லாதிருப்பது நல்லது. "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் தம்மைக் காத்துக்கொள்ளத்தான் பேசுவார். "அப்போது உங்கள் கண்ணுக்கு என்ன தெரிந்தது?", "அடுத்து என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்?", "மற்ற நாட்களில் இதை எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், நடந்ததை நடந்தபடியே சொல்லத் தொடங்குவார். "பார்த்திருக்க வேண்டும்", "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" போன்ற வாக்கியங்கள் எழும்போது நடத்துபவர் இடைமறிக்க வேண்டும். அது முடிவு தெரிந்த பிறகு பேசுபவர்களின் அறிவு. வேலை செய்துகொண்டிருந்தவரிடம் அந்த நேரத்தில் அது இருக்கவில்லை.

நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் ஒரு மாதம் பலருக்குச் சம்பளத் தொகை மாறிப்போய்விட்டது. எக்செல் பட்டியலைப் பெயர் வாரியாக அகர வரிசைப்படுத்தியபோது, பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் இடம் மாறின, தொகை மட்டும் பழைய வரிசையிலேயே நின்றுவிட்டது. பட்டியலைத் தயாரித்தவர் கண்ணீரோடு எழுதிய கடிதத்தில் 'கவனக்குறைவு' என்ற சொல் இருந்தது. அவர் அருகில் உட்கார்ந்து, அன்று செய்ததை அப்படியே மறுபடி செய்துகாட்டச் சொன்னபோதுதான் விவரம் தெரிந்தது. அச்சிட்டால் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று, முந்தைய மாதம் யாரோ கணக்கு எண்ணுக்கும் தொகைக்கும் நடுவே வெற்று நெடுவரிசை ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். இடையில் முழுவதும் வெற்றாக ஒரு நெடுவரிசை இருந்தால் எக்செல் இருபுறத்தையும் வெவ்வேறு பட்டியல்களாக எடுத்துக்கொண்டு, எந்த எச்சரிக்கையும் தராமல் ஒரு பக்கத்தை மட்டும் வரிசைப்படுத்திவிடும். பட்டியலைச் சரிபார்த்துக் கையொப்பமிட்ட அதிகாரியோ வழக்கம்போல் மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டிருந்தார். வரிசை மாறினால் கூட்டுத்தொகை மாறாது என்பதால் அது சரியாகவே இருந்தது. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் அன்று அதே பிழைதான் நடந்திருக்கும்.

இப்படிப் பிழையில் சிக்கவைக்கும் பொறியைக் கண்டுபிடித்தபின், மாற்ற வேண்டியது அந்தப் பொறியைத்தான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானங்களின் விமானிகள் பலர், தரையிறங்கிய பிறகு இறக்கை மடிப்புகளை (flaps) உள்ளிழுப்பதற்குப் பதிலாகச் சக்கரங்களை உள்ளிழுத்து விமானத்தைச் சேதப்படுத்தினார்கள். 'விமானியின் தவறு' என்றே அவை பதிவாகிவந்தன. 1943-இல் அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறையைப் பார்த்தபோது, இரண்டுக்குமான விசைகள் ஒரே வடிவில் அருகருகே இருந்தன. சக்கரத்துக்கான விசையில் சிறிய ரப்பர்ச் சக்கரமும் மற்றதில் ஆப்பு வடிவத் துண்டும் பொருத்தச் சொன்னார். கை தொட்டவுடனே எது எதென்று தெரிந்துவிட்டதால் அந்தக் குழப்பம் நின்றது.

பிழை செய்த கையோடு நிற்காமல் மேலும் பின்னே போய்ப் பார்ப்பதும் முக்கியம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று எண்ணி முதன்மை சர்வரின் தரவுத்தளத்தை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் நிறுத்தியும் சுமார் 300 ஜிபி தரவு போய்விட்டது. விசாரணை அவரோடு நின்றிருந்தால், அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று மறைந்தே இருந்திருக்கும். மென்பொருள் பதிப்பு பொருந்தாமையால் அன்றாட பேக்கப் எடுக்கும் பணி தோற்றுக்கொண்டே இருந்தது, அதைத் தெரிவிக்கும் எச்சரிக்கை மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் திரும்பிக்கொண்டிருந்தன. சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்துவைத்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. இவற்றையெல்லாம் அந்நிறுவனம் பொதுவெளியில் எழுதி வெளியிட்டதை நான் மிகவும் மதிக்கிறேன்.

பாதிப்பில்லாமல் தப்பிய பிழைகளையும் இப்படியே ஆராயுங்கள். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனுக்கு அருகே டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்தின் 514 விமானம், எந்த உயரம்வரை இறங்கலாம் என்ற குழப்பத்தால் மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் இறந்தார்கள். ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில் அதே குழப்பத்தால் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது, ஆனால் மற்றவர்களுக்குச் சொல்ல வழியிருக்கவில்லை. இதன்பின் 1976-இல் விமானத் துறையினர் தங்கள் பிழைகளைத் தெரிவிக்க, நாசா நடத்தும் ரகசிய அறிக்கை முறை தொடங்கியது. தெரியாமல் விதி மீறியவர் 10 நாட்களுக்குள் தாமாகவே எழுதி அனுப்பினால் தண்டனையிலிருந்து விலக்குப் பெறலாம். வேண்டுமென்றே செய்ததற்கும் குற்றச் செயலுக்கும் அந்த விலக்கு கிடையாது.

உங்கள் அலுவலகத்திலும் இந்த எல்லை தெளிவாக இருக்கட்டும். பொய்க் கணக்கு எழுதியவரையும், ஆபத்து என்று தெரிந்தே விதியை ஒதுக்கியவரையும் விசாரிக்க வேறு வழிமுறை உண்டு. அவற்றை இந்தக் கூட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

முடிவில் எழுதும் தீர்வுகள் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரும் தேதியும் வேண்டும். "அனைவரும் கவனமாக இருக்க அறிவுறுத்தப்பட்டது" என்பதைத் தீர்வாக ஏற்காதீர்கள். நாளை புதிதாகச் சேரும் ஒருவர், களைப்போடு, அவசரத்தில் செய்தாலும் தீர்வு பிழையைத் தடுக்குமா என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் சம்பளப் பட்டியலில் வெற்று நெடுவரிசையை நீக்கினோம், முந்தைய மாதத் தொகையோடு வித்தியாசம் காட்டும் நெடுவரிசை ஒன்றைச் சேர்த்தோம்.

ஒரு மாதம் கழித்து வேலை நடக்கும் இடத்துக்கே போய்ப் பாருங்கள். நாங்கள் போனபோது, அச்சுத்தாளில் இடம் போதவில்லை என்று அந்தப் புதிய நெடுவரிசையை யாரோ மறைத்து வைத்திருந்தார்கள். யார் என்று நாங்கள் கேட்கவில்லை. அச்சுக்கென்றே தனித் தாள் ஒன்றை அதே கோப்பில் உருவாக்கிக் கொடுத்தோம்.