பழைய சம்பளச் சீட்டைக் கேட்கிறார்களா? கொடுக்கும்போது நடக்கும் தவறுகள்

மண்டபத்தில் இறால் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்ப்பவருக்குத் தூத்துக்குடியிலிருந்து வேலைக்கு அழைப்பு வருகிறது என்று வையுங்கள். போனில் வரும் முதல் கேள்வியே "இப்போ என்ன வாங்குறீங்க?" என்பதுதான். "பதினாறு சார்" என்று வாயிலிருந்து வந்த நிமிடமே பேரம் முடிந்துவிடுகிறது. அந்த வேலைக்கு அவர்கள் 24,000 ஒதுக்கி வைத்திருந்தாலும் பேச்சு 18,000-ஐச் சுற்றியே நடக்கும்.

இராமநாதபுரம் கரையோரத்தில் இதனால் இழப்பு கூடுதல். இங்கே வாடகை குறைவு, வேலை கிடைக்கும் இடங்களும் குறைவு, அதனால் சம்பளமும் குறைவு. பதினாறாயிரம் என்பது மண்டபத்து விலை. அதே வேலைக்கு வெளியூரில் என்ன தருகிறார்கள் என்பதை அந்தச் சீட்டு சொல்லாது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று தனியார் நிறுவனங்களைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. காட்டியே ஆகவேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டமும் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016-ல் இயற்றி 2018-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத்தின்படி, சம்பளத்தோடு வேலையை உறுதி செய்வதற்கு முன் இந்தக் கேள்வியையே கேட்கக் கூடாது. நமக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே எதை, எப்போது, எவ்வளவு காட்டுவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் போனிலேயே எண்ணைச் சொல்லிவிடுவது

கேள்வியை மரியாதையாகத் திருப்பிக் கேட்கலாம். "இந்தப் பொறுப்புக்கு நீங்க ஒதுக்கியிருக்கிற சம்பளம் எவ்வளவு சார்? வேலையோட அளவைத் தெரிஞ்சுகிட்டு என் எதிர்பார்ப்பைச் சொல்றேன்." மறுபடியும் கேட்டால் எதிர்பார்ப்பை மட்டும் சொல்லுங்கள்: "24-லிருந்து 28-க்குள்ள எதிர்பார்க்கிறேன்." இரண்டில் நீங்கள் சொல்லும் குறைந்த எண்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதனால் மனதார ஒத்துக்கொள்ளக்கூடிய தொகையையே அடி எண்ணாக வையுங்கள். மூன்றாவது முறையும் விடாமல் கேட்டால், "ஆஃபர் லெட்டர் வந்ததும் தேவையான சீட்டைக் காட்டுறேன் மேடம்" என்றால் போதும்.

சில ஆன்லைன் படிவங்களில் தற்போதைய சம்பளம் என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே போக முடியாது. அங்கே 0 என்று போட்டு, குறிப்புப் பெட்டியில் "நேர்காணலில் பேசலாம்" என்று எழுதுங்கள். குறிப்பு இல்லாமல் வெறும் 0 இருந்தால் வேலையில்லாதவர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

உங்கள் இன்றைய சம்பளம் அந்தத் துறையின் வழக்கமான அளவைவிட அதிகமாக இருந்தால் கணக்கு தலைகீழ். அப்போது சீட்டை முதலிலேயே காட்டுவது உங்களுக்குத்தான் பலம்.

தடைக்காலத்துச் சீட்டைக் காட்டுவது

நம் கரைக்கே உரிய தவறு இது. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஐஸ் கம்பெனி, மீன் ஏற்றுமதி, படகுப் பழுது, வலைக்கடை எல்லாவற்றிலும் அந்த நாட்களில் ஓவர்டைமும் ஊக்கத்தொகையும் நின்றுவிடும். சில இடங்களில் பாதிச் சம்பளம்தான். நிறுவனங்கள் வழக்கமாகக் கேட்பதோ "கடைசி மூன்று மாதச் சீட்டு". ஜூலையில் வேலை தேடுபவர் ஏப்ரல், மே, ஜூன் சீட்டுகளைக் கொடுத்தால், ஆண்டிலேயே மெலிந்த மூன்று மாதங்களை வைத்து அவருடைய விலை முடிவாகிவிடும்.

அப்படிக் கேட்டால் 12 மாத மொத்தத்தைக் கொடுங்கள். வருமான வரிப் பிடித்தச் சான்றிதழ் இருந்தால் அதில் ஆண்டு மொத்தம் இருக்கும். இல்லையென்றால் 12 சீட்டுகளின் கூட்டலை ஒரே தாளில் எழுதி, குறைந்த மாதங்களுக்கு எதிரே "மீன்பிடித் தடைக்காலம்" என்று குறித்துவிடுங்கள். கடற்கரை இல்லாத ஊர் நிறுவனத்தின் அலுவலருக்கு இந்தக் காரணம் தானாகத் தெரியாது. இராமேசுவரம் லாட்ஜ்களில் வேலை பார்ப்பவர்களுக்கும் இதே யோசனைதான். ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்தில் வரும் கூடுதல் பணம் சாதாரண மாதச் சீட்டில் ஏறாது.

சிடிசியையும் கைக்கு வரும் பணத்தையும் ஒன்றாக எண்ணுவது

சிடிசி, அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு, மாதம் 25,000, அதில் அடிப்படைச் சம்பளம் 12,500 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், அதாவது 1,500. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 4.81 சதவீதம், சுமார் 601. இவை போக மொத்தச் சம்பளம் 22,899. அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 1,500 போனால் கைக்கு வருவது சுமார் 21,400. தொழில்வரி பிடிக்கும் மாதத்தில் இன்னும் கொஞ்சம் குறையும்.

"இப்போது 21,000 வாங்குகிறேன், இவர்கள் 25,000 தருகிறார்கள்" என்று சந்தோஷப்படுபவர், கையில் கிடைக்கும் பழைய பணத்தைப் புதிய சிடிசியோடு ஒப்பிடுகிறார். உண்மையான உயர்வு 400 ரூபாய்தான். எந்த எண்ணைச் சொன்னாலும் அது கைக்கு வருவதா, மொத்தமா, சிடிசியா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பொய் எண்ணும் போலிச் சீட்டும்

16,000 வாங்கிக்கொண்டு 22,000 என்று சொல்வதும், கம்ப்யூட்டர் சென்டரில் சீட்டு தயாரிப்பதும் வேலைக்கே உலை வைக்கும். பிஎஃப் பங்கு, வங்கி வரவு, வரிப் பிடித்தம் என்று மூன்று இடங்களில் உண்மைத் தொகை பதிவாகி இருக்கிறது. சேர்ந்து ஆறு மாதம் கழித்துத் தெரிந்தாலும் நீக்கலாம். போலி ஆவணம் தனியாகக் குற்றம். சொல்ல விருப்பமில்லை என்று மறுப்பதில் எந்தத் தவறும் இல்லை. பொய் சொல்வதில் எல்லாத் தவறும் இருக்கிறது.

பங்கு முறையில் படகில் போனவர்களுக்கும் கருவாட்டுக் கொட்டகையில் கைக்கூலி வாங்கியவர்களுக்கும் சீட்டே இருக்காது. அதை மறைக்க வேண்டியதில்லை. முதலாளியிடம் லெட்டர்பேடில் பெயர், வேலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று மூன்றை மட்டும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அதில் சம்பளத் தொகை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அனுபவத்துக்குச் சான்றாக பிஎஃப் பாஸ்புக்கைக் கொடுப்பது

"சம்பளம் வேண்டாம், வேலை பார்த்ததுக்கு ஆதாரம் மட்டும் கொடுங்க" என்பார்கள். பாஸ்புக்கில் உங்கள் பங்கு 1,500 என்று இருந்தால், 0.12-ஆல் வகுத்து 12,500 என்று ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடலாம். ஆதாரம்தான் வேண்டுமென்றால் பிஎஃப் தளத்தில் இருக்கும் சர்வீஸ் ஹிஸ்டரியைக் கொடுங்கள். நிறுவனத்தின் பெயரும் சேர்ந்த, விலகிய தேதிகளும் அதில் இருக்கும், தொகை இருக்காது. விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று முன்பே பாருங்கள். பழைய நிறுவனம் அதைப் பதியாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது.

மறைக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்புவது

ஒரு சம்பளச் சீட்டில் பான் எண், வங்கிக் கணக்கு எண், 12 இலக்க யுஏஎன் (உங்கள் பிஎஃப் எண்), சில இடங்களில் ஆதார் எண்ணும் இருக்கும். இவை மொத்தமாகச் சிக்கினால் உங்கள் பெயரில் ஆப் கடன் எடுக்க முயற்சி நடக்கலாம். வங்கி ஸ்டேட்மெண்ட் இன்னும் மோசம். நகைக்கடன் தவணை, வீட்டுக்கு அனுப்பிய பணம், மருந்துக்கடை ஜிபே வரை குடும்பமே அதில் தெரியும். சம்பளம் வந்த வரிகளை மட்டும் தனியே எடுத்துக் கொடுங்கள்.

மறைக்கும் முறையிலும் பலர் தவறுகிறார்கள். பிடிஎஃபில் கறுப்புக் கட்டம் வைத்தால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும். தேர்ந்தெடுத்து காப்பி செய்தால் வந்துவிடும். போனில் ஹைலைட்டரால் தீட்டிய படத்தில் வெளிச்சத்தைக் கூட்டினால் எண் தெரியும். சீட்டை அச்செடுத்து, எண்களின் மேல் தாள் துண்டு ஒட்டி, அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸைப் படம் பிடித்து அனுப்புங்கள். கடைசி நான்கு இலக்கம் தெரிந்தால் போதும். மேலே குறுக்காக "இன்ன நிறுவனத்தின் வேலைச் சரிபார்ப்புக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள். ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருந்தால், அச்சு வந்ததும் அங்கேயே நின்று கடைக்காரரிடம் இருப்பதை அழிக்கச் சொல்லி, உங்கள் போனிலும் அழித்துவிடுங்கள். பணம் பறிபோனால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள்.

வளைகுடா வேலை

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் ஏஜெண்டுகளும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். ஊர்ச் சம்பளத்தைச் சொன்னால், "அதைவிட ரெண்டு மடங்கு" என்று ஒப்பந்தத் தொகையை அமுக்கிவிடுவார்கள். அங்கே தொகையைவிட அதன் பிரிவைப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கான பணிக்கொடை, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். சாப்பாடு, தங்குமிடப் படியைக் கூட்டி அடிப்படையைக் குறைத்த ஒப்பந்தத்தில் திரும்பி வரும்போது கைக்குக் கிடைப்பது சுருங்கிவிடும்.

சேர்ந்த பிறகும் மறைப்பது

வேலையும் சம்பளமும் எழுத்தில் உறுதியாகிச் சேர்ந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. பழைய யுஏஎன்னைக் கொடுக்காவிட்டால் இரண்டாவது எண் உருவாகி, பிஎஃப் பணத்தை மாற்ற அலைய வேண்டிவரலாம். நிதியாண்டின் நடுவில் மாறியவர் ஏப்ரல் முதல் விலகும் வரை வாங்கிய சம்பளத்தைப் புதிய நிறுவனத்துக்குச் சொல்லவில்லை என்றால், இரண்டு இடத்திலும் வரிக் கழிவுகளைத் தனித்தனியாகக் கொடுத்து வரியைக் குறைவாகப் பிடிப்பார்கள். ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்ட வேண்டிவரும், பாக்கி 10,000 ரூபாயை எட்டினால் வட்டியும் சேரும்.