வான் கோ என்ற குடும்பப் பெயர்: எங்கெல்லாம் வழுக்குகிறோம்?

டச்சு ஓவியர் வின்சென்ட் வான் கோ பற்றி எழுதுகிறவர்கள் ஓவியங்களைப் பற்றி ஓரளவு சரியாகவே சொல்லிவிடுகிறார்கள். சறுக்குவது பெயரில்தான். ‘பிரபு குடும்பத்து வாரிசு’, ‘ஓவியரின் கொள்ளுப்பேரன்’ என்று ஆரம்பித்தால் அப்புறம் சொல்வதெல்லாம் கோணலாகிவிடும்.

டச்சு மொழியில் ‘வான்’ என்றால் ‘இந்த ஊரைச் சேர்ந்த’ என்று பொருள், அவ்வளவுதான். ‘கோ’ என்பது கோஹ் என்ற ஊரைக் குறிக்கிறது என்பதே பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கம். அந்த ஊர் இன்று ஜெர்மனியில், நெதர்லாந்து எல்லையை ஒட்டி இருக்கிறது. உடனே ‘ஓவியர் ஜெர்மன் வம்சம்’ என்று எழுதிவிட வேண்டாம். பெயர் உருவான காலத்தில் இன்றைய எல்லைக்கோடே கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் இந்தக் குடும்பத்தார் ஹேக் நகரில் பொற்கம்பி இழுக்கும் தொழில் செய்துகொண்டிருந்தார்கள்.

‘வான்’ என்பதை ஜெர்மன் ‘ஃபோன்’ போல உயர்குலப் பட்டமாக எடுத்துக்கொள்வது இன்னொரு பழைய தவறு. இதில் சிக்கியவர்களில் இசையமைப்பாளர் பீத்தோவனும் ஒருவர். லுட்விக் வான் பீத்தோவனின் தாத்தா இன்றைய பெல்ஜியத்தில் உள்ள மெஹலன் ஊர்க்காரர். பெயரில் உள்ள ‘வான்’ அங்கிருந்து வந்தது. தம்பி மகனை யார் வளர்ப்பது என்ற வழக்கு வியன்னாவில் பிரபுக்களுக்கான நீதிமன்றத்தில் நடந்தது. 1818இல் அவருடைய குலத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். காட்ட ஒன்றுமில்லை. வழக்கு சாதாரணக் குடிமக்களுக்கான நகர நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. மனிதர் நொந்துபோனார்.

ஊரைக் குறிக்கும் பெயர் என்பதால் இன்னொரு விஷயமும் வருகிறது. ஒரே ஊரிலிருந்து கிளம்பிய நாலு பேருக்கு, ரத்த உறவே இல்லாமல், ஒரே பெயர் ஒட்டிக்கொள்ளலாம். எனவே பெயரை மட்டும் வைத்து வான் கோக்களை எல்லாம் ஒரே கொடியில் கட்டக் கூடாது.

நெப்போலியன் கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். 1811இல் நெதர்லாந்தை ஆண்ட அவர் ஆட்சி எல்லாரும் குடும்பப் பெயரைப் பதிவு செய்யச் சொன்னது உண்மை. ஆனால் ‘டச்சுக்காரர்கள் கிண்டலுக்காகக் கோமாளிப் பெயர்களைப் பதிவு செய்தார்கள்’ என்பது சுவையான கட்டுக்கதை. ‘அம்மணமாகப் பிறந்தவன்’ என்று பொருள் தரும் நாக்ட்கெபோரன் என்ற பெயரை இதற்குச் சான்றாகச் சொல்வார்கள். அது ‘தந்தை இறந்தபின் பிறந்தவன்’ என்ற ஜெர்மன் சொல் மருவி வந்தது என்பதே நம்பத்தக்க விளக்கம். பெரும்பாலான டச்சுப் பெயர்கள் 1811க்கு வெகு முன்பே புழக்கத்தில் இருந்தவை. வான் கோவும் அப்படித்தான்.

உண்மையான சிக்கல் குடும்பத்துக்குள் இருக்கிறது. முன்னோர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது அங்கும் வழக்கம். அதனால் வின்சென்டும் தியோவும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஓவியரின் தாத்தா வின்சென்ட் (1789–1874), பிரெடா நகரில் போதகர். பெரியப்பா வின்சென்ட் (1820–1888), ஓவிய வணிகர். இவர் மனைவி ஓவியரின் அம்மாவுடைய தங்கை, அதாவது அண்ணன் தம்பி இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஓவியர் பிறந்தது 1853 மார்ச் 30. சரியாக ஓராண்டு முன்பு, 1852 மார்ச் 30 அன்று, அதே வீட்டில் ஒரு குழந்தை இறந்தே பிறந்தது. அதற்கும் வின்சென்ட் என்றுதான் பெயர். ஓவியர் பிறந்த சுண்டர்ட் ஊரில் அந்தப் பெயர் பொறித்த சிறு கல்லறையைப் பார்த்துவிட்டு ஓவியரின் கல்லறை என்று நினைத்துவிடாதீர்கள். ஓவியர் பிரான்சில் ஓவேர் என்ற ஊரில் இருக்கிறார்.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. தம்பி தியோவுக்கு 1890இல் பிறந்த மகனும் வின்சென்ட்தான். இவர் பொறியாளர், 1973இல் திறக்கப்பட்ட ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகம் உருவாகக் காரணமானவர். ஓவியருக்கு வாரிசாகப் பிள்ளைகள் இல்லை. ஆகவே ‘ஓவியரின் நேரடி வழித்தோன்றல்’ என்று யாரைச் சொன்னாலும் தவறு. 2004 நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் தெருவில் கொலையான திரைப்பட இயக்குநர் தியோ வான் கோ, ஓவியருடைய தம்பியின் கொள்ளுப்பேரன். அவருக்கு முன்னால் இன்னொரு தியோவும் உண்டு: பொறியாளரின் மகன். நாஜி எதிர்ப்பில் ஈடுபட்டதால் 1945இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். எனவே பெயரோடு ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள். நானும் ஒருமுறை பெரியப்பாவின் சொத்தை ஓவியர் தலையில் கட்டியிருக்கிறேன்.

பெண்களின் பெயரிலும் கவனம் தேவை. ஓவியங்களைக் காத்து உலகறியச் செய்த தியோவின் மனைவி யோ வான் கோ-போங்கர். இதில் கடைசியில் உள்ள போங்கர்தான் பிறந்த வீட்டுப் பெயர். கணவர் பெயர் முன்னால் வருகிறது. ‘போங்கரை மணந்த வான் கோ வீட்டுப் பெண்’ என்று தலைகீழாக எழுதியவர்கள் உண்டு.

நூலகத்தில் தேடும்போது: நெதர்லாந்தில் இந்தப் பெயரை ‘கோ’வின் முதல் எழுத்தின் கீழ் அடுக்குவார்கள், பெல்ஜியத்தில் ‘வான்’ கீழ்.

கடைசியாக உச்சரிப்பு. வான்கா, வான்கோ, வான் கோக் என்று நம்மிடம் எல்லாமே உண்டு. டச்சுக்காரர் சொல்லும்போது ‘கோ’வின் தொடக்கமும் முடிவும் தொண்டையைச் செருமுவது போலிருக்கும், ‘வான்’ என்பதன் முதல் ஒலி கிட்டத்தட்ட ‘ஃப’. தமிழ் எழுத்தில் அது பிடிபடாது, அதனால் ஒன்றைத் தேர்ந்து கட்டுரை முழுக்க அதையே எழுதினால் போதும். ஓவியருக்கே இந்தத் தொல்லை இருந்தது. 1888இல் பிரான்சின் ஆர்ல் நகரிலிருந்து தியோவுக்கு எழுதிய கடிதத்தில், கண்காட்சிப் பட்டியலில் தன் பெயரை வின்சென்ட் என்று மட்டும் போடச் சொன்னார். காரணம், இங்கே யாருக்கும் மற்றப் பெயர் வாயில் நுழையாது.