முண்டு மிளகாயில் பழ அழுகல்: பழுப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை

ராமநாதபுரம் மாவட்டம் தேவிபட்டினத்தில் எங்கள் கொல்லையில் வருஷாவருஷம் முண்டு மிளகாய்தான், அதாவது உருண்டையான மிளகாய். ஐப்பசி மழையில் வேர் பிடித்த செடி, தை பிறந்ததும் பழுக்கும். பழ அழுகல் கண்ணில் படுவதும் அப்போதுதான். ஆனால் அதற்குக் காரணமான பூசணம் பச்சைக் காயிலேயே புகுந்து அடங்கிக் கிடக்கும். பழம் சிவக்கும்போதுதான் வெளியே தெரியும். அதனால் பழம் கெட்ட பிறகு மருந்துக்கு ஓடாமல், காய் பிடிக்கும்போதே கவனிக்க வேண்டும்.

முதலில் நோயைச் சரியாக அடையாளம் காணுங்கள். வட்டமாகக் குழி விழுந்து, உள்ளே வளையம் வளையமாகக் கரும்புள்ளிகள் இருந்தால் அது பழ அழுகல். வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்துக் காகிதம் போல இருந்தால் அது வெயில் சூடு. அதற்கு மருந்து வேண்டாம்.

இந்தப் பூசணத்துக்கு ஈரம்தான் உயிர். கடல்காற்றின் ஈரமும் மார்கழிப் பனியும் நம் கையில் இல்லை. தண்ணீர் ஊற்றுவது நம் கையில்தான் இருக்கிறது. சாயங்காலம் ஹோஸ் பிடித்துச் செடியின் தலையில் அடிக்கவே கூடாது. காலையில், தூரில் மட்டும் ஊற்றுங்கள். செடிக்குச் செடி ஒன்றரை அடியாவது இருக்கட்டும். மழைத்துளி மண்ணிலிருந்து தெறித்தும் பூசணம் ஏறும்; தூரைச் சுற்றி வைக்கோல் பரப்பினால் அது குறையும்.

புள்ளி விழுந்த பழத்தை அன்றைக்கே பறித்துவிடுங்கள். நுனி கருகிய கிளையைக் கொஞ்சம் பச்சைப் பகுதியோடு சேர்த்து வெட்டுங்கள். இரண்டையும் எருக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். செடியடியில் விழுந்த பழத்தை விட்டுவைத்தால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற ரகம் இது. விதையைப் பெரும்பாலும் நாமே எடுத்து வைக்கிறோம், நோயும் விதையோடு அடுத்த வருஷத்துக்கு வந்துவிடுகிறது. புள்ளியில்லாத செடியின் பழத்தில் மட்டும் விதை எடுங்கள். விதைக்கும் முன் அதில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூசணத்தின் பொடியைக் கலந்துவிடுங்கள்; கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு. கைப்பிடி விதைக்கு ஒரு சிட்டிகை போதும்.

இத்தனைக்குப் பிறகும் பரவினால், மாங்கோசெப் என்ற பூசணக்கொல்லி லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம், அல்லது காப்பர் ஆக்ஸிகுளோரைடு 2.5 கிராம், 15 நாள் இடைவெளியில் தெளிக்கலாம். தெளித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று பொட்டலத்தில் இருக்கும். சாப்பிடும் பொருள், அதை மீறாதீர்கள். சூடோமோனாஸ் பயன்படுத்துபவர்கள் அதைக் காப்பர் மருந்தோடு கலக்க வேண்டாம், அந்த நல்ல பாக்டீரியா செத்துப்போகும்.

அப்புறம் காயப்போடுவது. பனி உலர்ந்த பிறகே பறியுங்கள். அழுகல் பழத்தைப் பொறுக்கி நீக்கிவிட்டுத் தார்ப்பாயில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். இருட்டும் முன் குவித்து மூடுங்கள். குலுக்கினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும். அதுவரை சாக்கில் கட்டாதீர்கள்.