திரைவாசிப்பான் படிக்கக்கூடிய விரிவுரைக் குறிப்பு: வேர்ட் முதல் பிடிஎஃப் வரை

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங் பக்கத்தில் பகுதிநேரமாகப் பாடம் நடத்துகிறேன். இந்தத் தவணை என் வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருவர் இருக்கிறார். தோட்டத்து வீட்டில் மடிக்கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை, அதாவது திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருளைப் போட்டுப் படிப்பவர். விரிவுரையாளர்கள் ஏற்றும் கோப்புகளில் பல அவருக்கு வெறும் வெள்ளைத்தாள்தான். அதைச் சரிசெய்த வழி இது. வேர்டில் தட்டச்சு செய்யத் தெரிந்தால் போதும்.

முதலில் என்விடிஏவை உங்கள் கணினியிலும் நிறுவுங்கள். 2006-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இலவச மென்பொருள். ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பானும் நல்லதுதான், ஆனால் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். தமிழுக்கு விண்டோஸின் ‘வள்ளுவர்’ குரலைச் சேர்த்து, கண்ட்ரோல், இன்சர்ட், எஸ் மூன்றையும் அழுத்தி விண்டோஸ் குரல்களுக்கான ‘ஒன்கோர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரலும் தமிழ் பேசும்; ஒரு மணி நேரம் கேட்டால் எனக்குத் தலைவலிதான்.

அடுத்தது தலைப்புகள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் கண்ணுக்குத்தான் அது தலைப்பு. கண்ட்ரோல், ஆல்ட், 1 அழுத்தினால்தான் கணினிக்கும் தலைப்பு. அப்புறம் மாணவர் இன்சர்ட், எஃப்7 அழுத்தித் தலைப்புப் பட்டியலை எடுத்து, வேண்டிய பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

தமிழ்ப் பாடம் நடத்துபவர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. பழைய குறிப்புகள் பல, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு முந்தைய எழுத்துருவில் இருக்கும். ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் நல்லது. ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறினால் திரைவாசிப்பான் அந்தச் சிதறலைத்தான் வாசிக்கும். எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக்குங்கள். பிறகு கொ, கோ வரும் இடங்களை ஒருமுறை பாருங்கள். கொம்பும் காலும் சில நேரம் பிரிந்து நிற்கும்.

இனி பிடிஎஃப். என்னை ரொம்பத் திணறடித்தது இந்த இடம். தலைப்பெல்லாம் ஒழுங்காகப் போட்ட கோப்பு, பிடிஎஃப் ஆனதும் ஊமையாகிவிடும். காரணம், ‘பிரிண்ட்’ வழியாகப் போவது. அச்சுக்கு அனுப்பும்போது பக்கத்தின் தோற்றம் மட்டுமே போகிறது. எது தலைப்பு, எது பட்டியல், எது அட்டவணை என்ற அடையாளங்கள் கழன்றுவிடுகின்றன. அதனால் ‘சேவ் ஏஸ்’ போய் பிடிஎஃப் தேர்ந்தெடுத்து, சேமிக்கும் முன் ‘ஆப்ஷன்ஸ்’ திறங்கள். ‘டாக்குமென்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ் ஃபார் அக்சஸிபிலிட்டி’ என்ற பெட்டியில் சரிக்குறி இருக்க வேண்டும். ‘பிட்மேப் டெக்ஸ்ட்’ என்று தொடங்கும் பெட்டியில் இருந்தால் எடுத்துவிடுங்கள். கோப்புக்குள் பதிக்க முடியாத எழுத்துருவை அது படமாக்கிவிடும். படத்தை என்விடிஏ படிக்காது. சேமித்த கோப்பைத் திறந்து, திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

படங்களுக்கு மாற்றுரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் சிறு விளக்கம் எழுதுங்கள். ‘வரைபடம்’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. கோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று சொல்லுங்கள். ஸ்லைடில் சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். மஞ்சள் மேல் வெள்ளை வேண்டவே வேண்டாம்.

‘ஓகேயு அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வைத்திருக்கும் மாணவர் வந்தால் செய்துகொள்ளலாமே?’ என்று சக விரிவுரையாளர் கேட்டார். அட்டை எடுக்காதவர்கள் இருக்கிறார்கள், சொல்லத் தயங்குபவர்களும் இருக்கிறார்கள். கல்வி பெறும் உரிமையை 2008-ஆம் ஆண்டு மலேசிய மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28-ஆம் பிரிவே சொல்கிறது. யாரும் கேட்பதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

பின்சேர்க்கை: ஸ்கேன் செய்த பக்கங்களை என்ன செய்வது என்று பலர் கேட்டீர்கள். கூகுள் டிரைவில் ஏற்றி, வலது சொடுக்கில் கூகுள் டாக்ஸாகத் திறங்கள். படத்தில் உள்ள எழுத்து, திருத்தக்கூடிய எழுத்தாக வரும். மலாய் நன்றாக வருகிறது. தமிழில் ‘ர’வும் காலும் அடிக்கடி இடம் மாறுவதால் பிழை திருத்த நேரம் ஒதுக்குங்கள். விரிவுரைக் காணொளியோடு ஒலிக்கோப்பையும் தனியாகப் போடுங்கள். தோட்டத்துக்குள் இணைய லைன் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.