சுமையும் தண்ணீரும்: மோட்டார் ஹோமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படுக்கை, சமையல் வசதியோடு வீடு போல அமைந்த வண்டியான மோட்டார் ஹோமோ, அதே வசதிகளோடு காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேம்பர் டிரெய்லரோ புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் பயப்படுவது ஓட்டுவதற்குத்தான். இவ்வளவு பெரிய வண்டியை எப்படித் திருப்புவது, எப்படி ரிவர்ஸ் எடுப்பது என்று தூக்கம் வராமல் யோசிப்பார்கள். பழகப் பழக அது கைக்கு வந்துவிடும். வண்டியைக் கெடுப்பதும் ஆளை ஆபத்தில் தள்ளுவதும் பெரும்பாலும் வேறு இரண்டு: அளவுக்கு மீறிய சுமை, கவனிக்காமல் விட்ட தண்ணீர். இரண்டுமே சத்தமில்லாமல் சேருகிறவை. அதனால் அவற்றைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

அலமாரி இருக்கிறதே என்று நிரப்புவது

ஒவ்வொரு வண்டிக்கும் மொத்த எடை இவ்வளவுதான் என்று தயாரிப்பாளர் ஒரு வரம்பு வைத்திருப்பார். வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் அது இருக்கும். அதிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நாம் ஏற்றக்கூடியது. சோலார் பேனல், கூடுதல் பேட்டரி, சைக்கிள் ஸ்டாண்டு என்று பிறகு மாட்டியவை எதுவும் அந்தக் காலி எடையில் இருக்காது. மோட்டார் ஹோமில் உடன் வருகிறவர்களும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

400 கிலோ ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநரைத் தவிர மூன்று பேர் ஏறினால் கிட்டத்தட்ட 200 கிலோ போய்விட்டது. 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் இன்னொரு 100 கிலோ. மிச்சமிருக்கும் 100 கிலோவுக்குள் கேஸ் சிலிண்டர், பாத்திரம், படுக்கை, துணிமணி, மடக்கு நாற்காலி, கருவிப்பெட்டி எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. போய்ச் சேரும் இடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்றால், வழியில் தேவைப்படும் அளவுக்கு மட்டும் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். இதைவிட எளிதாக எடையைக் குறைக்க வழி இல்லை.

மனக்கணக்கு போதாது. பயணத்துக்குப் போவது போலவே எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களோடு எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள். மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் வரம்பைத் தாண்டியிருக்கும் வண்டிகள் உண்டு. பெரிய சாமான் அறை பின்னால் இருந்தால் அப்படித்தான் ஆகும். சட்டமும் எடையைத்தான் பார்க்கிறது. சாதாரண கார் உரிமத்தை வைத்துக்கொண்டு 3,500 கிலோவுக்கு மேல் ஓட்டக்கூடாது என்று பல நாடுகளில் விதி இருக்கிறது.

டிரெய்லர் என்றால் எவ்வளவு ஏற்றினோம் என்பதோடு எங்கே ஏற்றினோம் என்பதும் முக்கியம். டிரெய்லரின் எடையில் ஒரு பங்கு இழுக்கும் வண்டியின் கொக்கி மேல் அழுந்தியே ஆக வேண்டும். வட அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். ஐரோப்பாவில் 5 முதல் 7 சதவீதம். உங்கள் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். இரண்டு சைக்கிளையும் ஒரு ஜெனரேட்டரையும் டிரெய்லரின் வாலில் கட்டினால் மூக்கு லேசாகிவிடும். மெதுவாகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி பக்கத்தில் உரசுவது போலக் கடந்து போகும். அந்தக் காற்றில் டிரெய்லரின் பின்பக்கம் லேசாக ஒதுங்கும். அடுத்த நொடி எதிர்ப்பக்கம், இன்னும் கொஞ்சம் அகலமாக. கண்ணாடியில் பார்த்தால் இடதும் வலதுமாக மாறி மாறித் தெரியும். அப்போது கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போகவிடாதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறையட்டும். டிரெய்லருக்கு மட்டும் தனி பிரேக் கட்டுப்பாடு கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அதை மட்டும் மெல்லப் பிடிக்கலாம். வேகத்தைக் கூட்டி ஆட்டத்தை நிறுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். பிறகு ஓரம் கட்டி, கனமான சாமான்களை அச்சுக்கு அருகே, தரையோடு தரையாக மாற்றி வைத்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும்.

கூரையைப் பார்க்காமல் விடுவது

பழைய டிரெய்லர் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். உள்ளே புது விரிப்பு, பளபளவென்று சிங்க், நல்ல வாசனை. பின் மூலையில் ஜன்னலுக்குக் கீழே சுவரைக் கட்டை விரலால் அழுத்தினேன். நனைந்த அட்டை போல விரல் உள்ளே போனது. எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நின்றது. உள்ளே மரச்சட்டம் மக்கிப் போயிருந்தது.

இந்த வண்டிகளில் பலவற்றின் சுவர் மரச்சட்டமும் மெல்லிய பலகையும் சேர்ந்தது. கூரையில் காற்றுத் திறப்பு, ஏசி, ஏரியல், மூலைப் பட்டிகள் என்று எங்கெல்லாம் ஓட்டை போட்டிருக்கிறார்களோ, அங்கெல்லாம் தண்ணீரைத் தடுப்பது, இடைவெளியை அடைக்கப் பூசும் பசையான சீலன்ட் ஒரு கோடுதான். வெயிலும் குலுக்கலும் அதை வெடிக்க வைக்கும். உள்ளே கறை தெரியும்போது சுவருக்குள் சேதம் வெகுதூரம் போயிருக்கும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் அந்தக் கூரைக்கு ஏற்ற சீலன்ட்டைப் பூசுங்கள். குளியலறைச் சிலிகானைத் தடவிவிடாதீர்கள். நாளை அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது, சுரண்டி எடுப்பதே பெரும் வேலையாகிவிடும்.

பழைய வண்டி வாங்குகிறீர்கள் என்றால், முடிந்தால் மழை நாளில் போய்ப் பாருங்கள். கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிகளைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் புது வண்ணமோ புதுத் தாளோ ஒட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

உள்ளே ஓடும் தண்ணீர்

கழிவறைத் தொட்டி விஷயத்தில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: முகாமில் கழிவுக் குழாயோடு இணைத்ததும் வால்வைத் திறந்தே விட்டுவிடுவது. தண்ணீர் மட்டும் ஓடிப்போய், திடக்கழிவு அடியில் குவிந்து இறுகிவிடும். வால்வு மூடியே இருக்கட்டும். தொட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் ஒரே மூச்சாகத் திறந்து விடுங்கள். அதன் பிறகு சிங்க், குளியல் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால், குழாயும் அதே தண்ணீரில் கழுவப்பட்டுவிடும். காலி செய்ததும் சில லிட்டர் தண்ணீரைக் கழிவறைத் தொட்டிக்குள் ஊற்றி வைப்பதை மறக்காதீர்கள்.

பனி உறையும் இடத்தில் வண்டியை நிறுத்தி வைக்கிறீர்களா? தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். குழாயும் பம்பும் வெந்நீர்த் தொட்டியும் வெடித்துவிடும். எல்லாவற்றையும் வடித்துவிட்டு, குடிநீர்க் குழாய்களுக்கென்று விற்கும் புரோப்பிலீன் கிளைகால் உறைதடுப்பானை அவற்றுக்குள் ஓட விடுங்கள். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் விஷம். அது இந்தக் குழாய்களுக்குள் போகவே கூடாது.

கேஸும் மின்சாரமும்

குளிருக்கு அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டு தூங்குவது உயிரை எடுக்கும் தவறு. மூடிய இடத்தில் எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கான அலாரம் ஒன்று, கேஸ் கசிவுக்கான அலாரம் ஒன்று, இரண்டும் வேண்டும். சிலிண்டரில் வரும் புரோப்பேன் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் கேஸ் அலாரம் தரைக்கு அருகில் இருக்கும். அதன்முன் சாமானை அடுக்கி மறைத்துவிடாதீர்கள். இந்த அலாரங்களுக்கும் காலாவதித் தேதி உண்டு. அப்புறம், சிலிண்டரில் பியூட்டேன் என்ற இன்னொரு வகைக் கேஸ் மட்டும் இருந்தால் 0 டிகிரியை ஒட்டிய குளிரில் அடுப்பு எரியாது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும்.

பேட்டரியில் ஏசி ஓட்டலாம் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கும். ஆயுள் குறையாமல் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 600. 1,500 வாட் இழுக்கும் ஏசிக்கு அது 24 நிமிடம். லித்தியம் பேட்டரியில் இன்னும் அதிகம் எடுக்கலாம், ஆனால் 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும்.

சாலையில்

உங்கள் வண்டியின் உயரம், ஏசியோடு சேர்த்து எவ்வளவு என்று நீங்களே அளந்து, எழுதி, ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டி வையுங்கள். அமெரிக்காவின் டர்ஹாம் நகரில் 11 அடி 8 அங்குல ரயில் பாலம் ஒன்று, எச்சரிக்கைப் பலகைகளும் விளக்குகளும் இருந்தும் லாரிகளின் கூரையைச் சீவித் தள்ளியே பேர் வாங்கியது. 2019-இல் அதை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் மோதல் நிற்கவில்லை.

டயரில் பட்டன் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. ஓடாமல் நிற்கும் வண்டியின் டயர் தேயாது, ஆனால் கிழடாகும். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் முதல் 80, 100 கிலோமீட்டரில் நிறுத்தி நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

ஒரே நாளில் வெகுதூரம் போகவேண்டும் என்று திட்டம் போடாதீர்கள். அனுபவசாலிகள் மூன்று-மூன்று-மூன்று என்று ஒரு விதி சொல்வார்கள்: ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் வேண்டாம், மதியம் 3 மணிக்குள் போய்ச் சேரு, ஓர் இடத்தில் 3 இரவாவது தங்கு. கிலோமீட்டரில் 480. எனக்கு அதுவே அதிகம். ஆனால் 3 மணி என்பதை நான் விடமாட்டேன். இருட்டில், தெரியாத இடத்தில், களைத்துப்போய் ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் மரக்கிளை கூரையைக் கிழிக்கும், சக்கரத்துக்குக் கட்டை வைக்காமலேயே டிரெய்லரைக் கழற்றத் தோன்றும்.

கிளம்பும்போது படிக்கட்டு, மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கேஸ் வால்வு, கூரைத் திறப்பு எல்லாம் பார்த்த பிறகு, வண்டியை இருபது அடி முன்னால் எடுத்து நிறுத்தி இறங்குங்கள். வண்டி நின்ற இடத்தைப் பாருங்கள். சமன் செய்ய வைத்த பலகை அங்கேயே கிடக்கலாம். அல்லது, காய்ந்த தரையில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈரம் இருக்கலாம். அது எங்கிருந்து சொட்டியது என்று கண்டுபிடித்துவிட்டுக் கிளம்புங்கள்.