வெளிநாட்டில் வேதியியல் பிஎச்.டி.: உங்களைச் சேர்ப்பது துறையா, கைடா?

எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கும் மாணவர்கள் வெளிநாட்டுப் பிஎச்.டி. என்றதும் முதலில் திறப்பது தரவரிசைப் பட்டியலை. அது பெரிதாக உதவாது. உங்கள் நாலைந்து ஆண்டுகள் எப்படிப் போகும் என்பது பத்துப் பதினைந்து பேர் கொண்ட ஒரு குழுவின் கையிலும் அதன் கைடின் கையிலும் இருக்கிறது. அதற்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த நாட்டில் உங்களைச் சேர்த்துக்கொள்வது துறையா, பேராசிரியரா என்பது. எங்கே எழுதுவது, என்ன கேட்பது, கைடோடு ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என எல்லாமே இதைப் பொறுத்து மாறும்.

அமெரிக்காவில் சேர்ப்பது துறை. விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் முடிந்துவிடும். கைடை முடிவு செய்வது அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, வழக்கமாக முதல் செமஸ்டரில். சில துறைகளில் சில வாரங்கள் ஒவ்வொரு லேபிலும் வேலை பார்க்கும் ரொட்டேஷனும் உண்டு. ஆகவே ஒரே ஒரு பேராசிரியரை நம்பி ஒரு துறைக்கு விண்ணப்பிக்காதீர்கள். அந்த ஆண்டு அவர் ஆள் எடுக்காமல் இருக்கலாம், ஆய்வு நிதி தீர்ந்திருக்கலாம், வேறு பல்கலைக்கே போய்விடலாம். நீங்கள் மனமுவந்து சேரக்கூடிய குழுக்கள் குறைந்தது மூன்று இருந்தால்தான் அந்தத் துறை உங்கள் பட்டியலில் இருக்கத் தகுந்தது.

அமெரிக்க மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிஆர்இயில் வேதியியல் பாடத் தேர்வு இப்போது நடத்தப்படுவதில்லை. பொது ஜிஆர்இயையும் பல துறைகள் கேட்பதில்லை. ஆங்கிலத் தேர்வில் மட்டும் கவனம் தேவை. முதலாண்டுச் சம்பளம் பெரும்பாலும் இளநிலை மாணவர்களுக்கு லேப் வகுப்பு எடுப்பதற்காகக் கிடைப்பது. அதனால் பேச்சுப் பகுதிக்குத் தனி வரம்பு வைத்திருப்பார்கள். மொத்த மதிப்பெண் போதுமானதாக இருந்தும் இந்த ஒன்றில் தடுக்கி விழுபவர்கள் இருக்கிறார்கள்.

ஜெர்மனியில் கதை வேறு. அங்கே உங்களை வேலைக்கு எடுப்பது பேராசிரியர். எம்.எஸ்சி. கட்டாயம், அவருக்கு நீங்கள் எழுதும் மின்னஞ்சல்தான் விண்ணப்பம். சம்பளம் டிவி-எல் எனப்படும் மாநில அரசு ஊழியர் ஊதிய அட்டவணையின் இ13 நிலையில், ஆனால் முழுதாக அல்ல. வேதியியலில் பாதியோ மூன்றில் இரண்டு பங்கோதான் வழக்கம். வேலை என்னவோ முழுநேரம்தான். முதல் ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு, நீட்டிப்பு எதைப் பொறுத்தது என்று எழுத்தில் கேளுங்கள். கைடோடு உறவு முறிந்தால் தாங்கிப் பிடிக்க அங்கே துறை இருக்காது. அதனால் கைடைத் தவிர வேறு பேராசிரியர்களும் உள்ள மேற்பார்வைக் குழு இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். மாக்ஸ் பிளாங்க் ஆய்வுப் பள்ளிகள் போன்ற அமைப்பான திட்டங்களில் அது இருக்கும்.

பிரிட்டனில் மூன்று முதல் நான்கு ஆண்டு. உதவித்தொகை உண்டு என்று விளம்பரம் சொன்னாலும், உள்நாட்டுக் கட்டணத்துக்கும் வெளிநாட்டுக் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை யார் கட்டுவது என்று பாருங்கள். வேதியியலுக்கு இந்தியர்கள் ஏட்டாஸ் (ATAS) என்ற பிரிட்டிஷ் அரசின் பாதுகாப்பு அனுமதிச் சான்றிதழும் வாங்க வேண்டும்; அதில்லாமல் விசா கிடைக்காது. அதற்கு இரண்டு மாதம் ஒதுக்கிவையுங்கள்.

இனி குழுவை எடைபோடுவது. பல்கலைக்கழக ஆய்வேட்டுத் தொகுப்பில் அந்தக் கைடின் மாணவர்கள் எந்த ஆண்டு சேர்ந்து எந்த ஆண்டு முடித்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஐந்து, ஐந்தரை ஆண்டு இயல்பு. பலரும் ஏழு ஆண்டைத் தொட்டிருந்தால் காரணம் கேட்க வேண்டும். பழைய குழுப்படங்களில் இருந்துவிட்டு, ஆய்வேடும் கொடுக்காமல் காணாமல் போன பெயர்கள் எத்தனை என்பது இன்னும் முக்கியம். அடுத்து, கட்டுரைகளில் முதல் பெயர் மாணவருடையதா, எப்போதும் போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்துவிட்டு அங்கே ஆய்வு செய்பவர்) பெயரா? கைடு உதவிப் பேராசிரியர் என்றால் நிரந்தரப் பணிக்கான முடிவு ஏறத்தாழ ஆறாம் ஆண்டில் வரும். அவருடைய நாலாம் ஆண்டில் சேர்ந்தால், நீங்கள் படிப்பின் நடுவில் இருக்கும்போதே அது வரும். ஆனாலும் இளம் கைடு பக்கத்தில் நின்று சொல்லித்தருவார். அந்த லாபம் சிறியதல்ல.

மாணவர்களோடு பேசுவதை வீடியோ அழைப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் யாரும் குறை எழுத மாட்டார்கள். நாலாம் ஆண்டு மாணவர் ஒருவர், குழுவை விட்டுப் போனவர் ஒருவர் என இருவராவது வேண்டும். கட்டுரை வரைவு கொடுத்தால் கைடு எத்தனை நாளில் திருத்தித் தருவார்? மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவியில் நீங்களே உட்காரலாமா, மாதிரியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டுமா? நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட் ஒன்றை எத்தனை பேர் பகிர்கிறார்கள்? காற்றில் பட்டாலே தீப்பற்றும் சேர்மங்களைக் கையாள யார் பழக்கினார்கள், இரவில் தனியாக வேலை பார்ப்பது வழக்கமா? தீப்பற்றும் சேர்மங்கள் பற்றிய கேள்வியைச் சம்பிரதாயமாக எண்ணாதீர்கள். 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள யூசிஎல்ஏ பல்கலையில், அப்படித் தீப்பற்றும் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தை ஊசியில் இழுத்துக்கொண்டிருந்த இளம் ஆய்வு உதவியாளர் தீக்காயமடைந்து, அடுத்த மாதம் இறந்தார். தீ தாங்கும் லேப் கோட் அவர் அணிந்திருக்கவில்லை.

பேராசிரியருக்கான கடிதம் 200 சொல்லுக்குள் இருக்கட்டும். நூறு பேருக்கு அனுப்பக்கூடிய கடிதத்தை அவர் இரண்டாம் வரியிலேயே மூடிவிடுவார். அவருடைய எந்தக் கட்டுரை, அதில் எந்தக் கேள்வி, உங்கள் கையால் என்ன செய்திருக்கிறீர்கள் என்பது போதும். 'ஆர்வம் அதிகம்' என்பதைவிட 'ஷ்லெங்க் லைனில் (காற்றுப் படாமல் வேலை செய்யும் கண்ணாடி அமைப்பு) ஆறு பல்லேடியம் அணைவுச் சேர்மங்கள் தயாரித்தேன்' என்பதற்கு எடை அதிகம். பரிந்துரைக் கடிதத்திலும் அப்படியே. 'நல்லொழுக்கமுள்ள மாணவி' என்று துறைத் தலைவர் எழுதுவதைவிட, லேபில் உங்களை நேரில் பார்த்த புராஜெக்ட் கைடு எழுதுவது பேசும்.

அமெரிக்க இடங்கள் கிடைத்தால் தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். அது ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? மருத்துவக் காப்பீடும் மாணவர் கட்டணங்களும் அதிலிருந்தே போகுமா? அந்த ஊர் வாடகை என்ன? பல பல்கலைகள் ஏற்றுள்ள உடன்பாட்டின்படி, நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் உண்டு. அதற்கு முன் யாரும் அவசரப்படுத்தக் கூடாது. போவதில்லை என்று முடிவான இடங்களுக்கு மட்டும் அன்றே எழுதிவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் இன்னொருவருக்கு அந்த இடம் போகும்.